மணிக்கயிறும் அத்தை படமும்

மாரியம்மன் துணை.

போன வாரம் நம் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் குழுவில் நான் போட்ட திருவிழாப் படத்தைப் பார்த்து ஆளாளுக்குக் கேலி செய்தீர்கள். ‘கோயில் சாஞ்சு கெடக்குதே, கும்பாபிஷேகம் மறுபடி பண்ணணுமா?’ என்று ஒருவர். ‘போனை நேரா பிடிக்கத் தெரியலன்னா பேரப்பிள்ளைகிட்ட குடுக்கலாம்லா’ என்று இன்னொருவர். ஆயாக்கொட்டகையில் சின்னப் பிள்ளையில் என்னோடு ஒரே பாயில் படுத்துத் தூங்கியவள்கூடச் சிரிக்கும் மூஞ்சி ஒன்றைப் போட்டு, ‘கண்ணாடிய மாத்துடி’ என்று எழுதியிருக்கிறாள். இருக்கட்டும். இந்த வயதிலும் நம்மைக் கேலி செய்ய நாலு பேர் இருக்கிறார்களே, அது ஆத்தா கொடுத்தது.

ஆனால் படப்பெட்டியை நேராகப் பிடிப்பதைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். நம் லயத்து வரிசை வீடுகளில் அந்தப் பாடத்தைப் படித்ததே எங்கள் வீடுதான். எங்கள் அத்தை கல்யாணம் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. உங்களில் பலருக்கு அப்போது மூக்கு ஒழுகிக்கொண்டிருந்திருக்கும், ஞாபகம் இருக்காது. எனக்குத் தெரிந்த ஆறாம் வகுப்புத் தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பால்மரங்கள் இலை உதிர்க்கும் காலம் அது. காடு முழுவதும் காய்ந்த இலை. நடந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மரமெல்லாம் மொட்டையாக நிற்கும், வெயில் நேரே தரையில் விழும். புகைக்கூட்டில் ரப்பர் காயும் வாசனை லயம் வரைக்கும் வரும். இப்போது அங்கே முழுக்கச் செம்பனை. எந்நேரமும் இருட்டிக் கிடக்கிறது. அந்த வெயிலை நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வெயிலைப் பார்த்துத்தான் சித்தப்பாவுக்குப் படம் எடுக்கும் ஆசை வந்தது. சித்தப்பா தோட்டத்து லோரி டிரைவர். அப்பாவுக்குத் தம்பி, அத்தைக்குச் சின்னண்ணன். பழைய துரை சீமைக்குத் திரும்பியபோது அவருடைய சாமான்களை ஏற்றிக்கொண்டு போனவர் சித்தப்பாதான். ஒரு பீங்கான்கூட உடையாமல் கொண்டு சேர்த்ததற்காகத் துரை ஒரு கறுப்புப் பெட்டிக் கேமராவைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். தோல் உறை, தோல் வார். உறையைத் திறந்தால் புதுச் செருப்பு வாசனை அடிக்கும். பெட்டியின் மேலே நெருப்புப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடி. அதைக் குனிந்து பார்த்தால் நம் லயம் முழுவதும் அதற்குள் குட்டியாக நிற்கும்.

சித்தப்பா எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவர். லோரியைக்கூட விபூதி பூசித்தான் எடுப்பார். படம் எடுப்பதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். “தரை நேரா விழணும். தரை நேரா விழுந்துச்சுன்னா படத்துல எல்லாமே நேரா விழும்” என்பார். கண்ணாடியின் அடி ஓரத்தோடு தரை ஒட்டி நிற்கிற மாதிரி பெட்டியை மெல்ல மெல்லத் திருப்பி, மூச்சை அடக்கிக்கொண்டு விசையைத் தட்டுவார்.

நல்ல சட்டம்தான். ஆனால் நம் தோட்டத்தில் நேரான தரை எங்கே இருந்தது? லயம் இருந்ததே மேட்டுச் சரிவில். பந்து உருண்டால் லொங்காங்கில் விழுந்து, சாக்கடைத் தண்ணீரோடு கோயில் வரைக்கும் போய்த்தான் நிற்கும். அந்தச் சரிவில் பிறந்து, அந்தச் சரிவிலேயே நடந்து பழகின நமக்கு அது சரிவு என்றே தெரியாது. டவுனிலிருந்து வருகிறவர்கள்தான் மூச்சு வாங்குவார்கள். நாம் அவர்களைப் பார்த்துச் சிரிப்போம்.

அந்த வருடம் அத்தைக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கியிருந்தார்கள். மளிகைக்கடைக்காரர்தான் தரகு. “இப்ப டவுன்லல்லாம் முதல்ல போட்டோ கேக்குறாங்க. ஒண்ணு எடுத்துக் குடுத்தீங்கன்னா நாலு இடத்துக்குக் காட்டலாம்” என்றார். சித்தப்பா அன்றைக்கே சட்டையை மாற்றிக்கொண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அத்தை பச்சைத் தாவணி கட்டி, பின்னலை முன்னால் விட்டு, மாரியம்மன் கோயில் பாதையில் நின்றது. ஒரு பக்கம் பாதை, இன்னொரு பக்கம் கோயில் மணிக் கம்பம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும்: இரண்டு மரக் கால்கள், மேலே ஒரு கட்டை, நடுவில் மணி, மணி நாக்கிலிருந்து முழங்கால் உயரம் வரைக்கும் தொங்கும் கனத்த கயிறு. சித்தப்பா நெடுநேரம் குனிந்து நின்றார். “சிரிக்காதே. சிரிக்காமயும் இருக்காதே” என்றார். அத்தைக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. தட்டிவிட்டார்.

தம்பின் டவுனில் படத்தைக் கழுவி வாங்கி வந்தார். வீட்டில் எல்லாரும் பார்த்தோம். அத்தை அழகாகத்தான் இருந்தது. டுரியான் துங்கால் பக்கத்து வீட்டார் ஒருவருக்குப் படம் போனது. ஒரே வாரத்தில் மளிகைக்கடைக்காரர் கையோடு திரும்பியும் வந்தது. அவர் வாசலிலேயே நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார்.

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்காம். ஆனா...”

“ஆனா என்ன?” என்றார் அப்பா.

“ஒரு பக்கமா சாஞ்சு நிக்குதாம். கால்ல ஏதும் கொறையான்னு கேக்குறாங்க.”

அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். தூரத்தில் வைத்துப் பார்த்தார். கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் நீட்டினார். உண்மைதான், அத்தை சாய்ந்துதான் நின்றது. பின்னால் பால்மரங்களும் சாய்ந்திருந்தன, மணிக் கம்பமும் சாய்ந்திருந்தது. பால்மரம் எப்போது நேராக நின்றது? அந்தக் கம்பத்தைக் குழி தோண்டி நட்டவர் கோணலாகத்தான் நட்டிருப்பார். அதனால் அவற்றை யாரும் ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. எல்லார் கண்ணும் அத்தை மேலேயே இருந்தது.

“இன்னொண்ணு எடுப்போம்” என்றார் சித்தப்பா. அதே இடம், அதே சட்டம். முதல் தடவையைவிடக் கூடுதல் கவனம். மறுபடியும் அத்தை சாய்ந்து விழுந்தது, அதே பக்கம். அவ்வளவுதான், வீடே நம்பிவிட்டது. ஒரு தடவை என்றால் தற்செயல். இரண்டு தடவையும் படம் பொய் சொல்லுமா?

இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அத்தை பால் வெட்டுகிற பெண். தோளில் காண்டாக் கட்டையை வைத்து, இரண்டு முனையிலும் பால் நிறைந்த வாளி தொங்க, மேட்டிலிருந்து கீழே ஒரு சொட்டுச் சிந்தாமல் இறங்கி வரும். சாய்ந்து நடக்கிறவள் அப்படி இறங்க முடியுமா? தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. படத்தை நம்பினார்கள், வாளியை நம்பவில்லை.

வைத்தியம் ஆரம்பமானது. அப்பா அத்தையைக் கதவு நிலையில் முதுகு ஒட்ட நிற்கச் சொல்லி, தலைக்கு மேல் சோக்கால் கோடு போட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். முட்டியில் தட்டிப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு ஒண்டும் இல்லை, பெலன்தான் காணாது. மீனெண்ணெய் குடுங்கோ” என்று பெரிய போத்தலைக் கொடுத்தார். அத்தை குடிக்கும்போது மூக்கைப் பிடித்துவிடுவது என் வேலை. அம்மா பழைய கைலியைக் கிழித்து மடித்து, அத்தையின் ஒரு சிலிப்பருக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். எந்தக் கால் குட்டை என்பதில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. கடைசியில் அம்மா ஜெயித்தார்.

அதோடு விடவில்லை. ‘கால் சரியானால் வெள்ளிக் கால் செய்து போடுகிறேன் தாயே’ என்று அம்மா கோயிலில் வேண்டிக்கொண்டு, கையோடு டவுன் ஆசாரியிடம் சொல்லிச் செய்தும் வாங்கிவிட்டார். விரல் நீளத்தில் வெள்ளித் தகடு, பாதமும் ஐந்து விரலும் கீறியிருக்கும். சாமி மாடத்தில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் அது படுத்திருந்தது.

நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்ததில் அத்தைக்குத் தன் நடையே மறந்து போயிற்று. வாசலைக் கடக்கும்போதுகூடக் குனிந்து காலைப் பார்த்துக்கொண்டது. ஒருநாள் மேட்டிலிருந்து இறங்கும்போது ஒரு வாளிப் பால் முழுவதும் கொட்டிவிட்டது. காய்ந்த இலை மேல் வெள்ளை வெள்ளையாக ஓடியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்தினார். அதற்காக அத்தை அழவில்லை. வீட்டுக்கு வந்து என் தலையை வாரிக்கொண்டே, “ஏண்டி, நான் நெசமாவே நொண்டுறேனா? நீ சின்னப் புள்ள, பொய் சொல்ல மாட்ட. சொல்லு” என்று கேட்டது. நானும் அவ்வளவு நாளாகப் பார்த்துப் பார்த்து, எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதற்கு அப்புறம் அத்தை அந்தப் படங்களின் பக்கமே திரும்பவில்லை. அலமாரியில் கவிழ்த்துத்தான் கிடந்தன.

அப்போதுதான் புலாவ் செபாங்கிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. மளிகைக்கடைக்காரர் அந்த இரண்டாவது படத்தை அப்பாவிடம் கேட்டு வாங்கி அவர்களிடம் கொடுத்திருந்தார். “மாப்பிள்ளையோட அம்மா கொஞ்சம் கறாரான ஆளு. நேர்ல பாத்துட்டுத்தான் பேசுவாங்களாம்” என்றார். இதுவும் தவறினால் இந்தப் பக்கம் வேறு யாரும் வர மாட்டார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பேச்சு அதற்குள் நாலு தோட்டம் தாண்டிப் போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மேடு ஏறி வந்த களைப்பில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் பை, பைக்குள் படம். மாப்பிள்ளை ஒல்லியாக, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கேசரியும் வடையும் கொடுத்தார். அத்தை கோப்பி கொண்டுவந்து வைத்தது. மாப்பிள்ளையின் அம்மா கோப்பியைத் தொடவில்லை.

“ஏம்மா, அந்தா தெரியுதே செம்பருத்தி, அதுல ரெண்டு பூ பறிச்சிட்டு வாயேன். சாமிக்கு வைக்கலாம்.”

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பூவுக்கா ஆசை? நடையைப் பார்க்கத்தான். அத்தை சிலிப்பரை மாட்டிக்கொண்டு இறங்கியது. அம்மா துணி வைத்துத் தைத்த சிலிப்பர். ஒரு கால் உயர, ஒரு கால் தாழ, அத்தை சரிவில் அசல் நொண்டியாகவே நடந்து போனது. அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா” என்றார் மாப்பிள்ளையின் அம்மா, மெதுவாகத்தான். “நான் கொற சொல்லணும்னு வரல. படத்துலயே தெரிஞ்சிச்சு. எதுக்கு மறைக்கணும்? சொல்லியிருந்தா நாங்க இம்புட்டு தூரம் வந்திருக்க மாட்டோம்லா.”

அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு அப்போது தெரிந்தது ஒன்றுதான். நான் ஓடிப்போய்ச் சாமி மாடத்தின் முன்னால் நின்று, ‘ஆத்தா, ஆத்தா’ என்றேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அத்தை திரும்பி வந்தது, கையில் பூ. பாதி வழியில் நின்று, இரண்டு சிலிப்பரையும் உதறிவிட்டு, வெறுங்காலோடு விறுவிறுவென்று ஏறி வந்தது. அழப்போகிற முகம்தான்.

“அந்தப் படத்தக் குடுங்கம்மா. என் படம் எனக்கு வேணும்.”

மாப்பிள்ளையின் அம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அத்தை அதை வாங்கி மடிக்கப் போனபோது பார்த்தது. முதன்முதலாகச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். பார்த்தது பார்த்தபடியே நின்றது. பிறகு வாசலுக்கு வெளியே, கீழே இருந்த மணிக் கம்பத்தைப் பார்த்தது. மறுபடி படத்தை.

“அம்மா, எந்திரிச்சு இங்க வாங்க” என்றது. பெண் பார்க்க வந்தவரை அப்படி யாராவது கூப்பிடுவார்களா? அவரும் எழுந்து வந்தார். “அந்தா பாருங்க, மணிக்கயிறு. எப்படித் தொங்குது?”

“நேராத்தான் தொங்குது.”

“இதுல பாருங்க. இதுல எப்படித் தொங்குது?”

அவர் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். படத்தில் கயிறு, தொங்க முடியாத ஒரு கோணத்தில் சாய்ந்து தொங்கியது.

“காத்துல ஆடியிருக்கும்.”

“காத்தடிச்சா என் தாவணி பறந்திருக்காதா? பின்னல் அசைஞ்சிருக்காதா? நல்லாப் பாருங்கம்மா. கயிறு எப்படி நிக்குதோ அப்படியேதான் நானும் நிக்கிறேன். நான் நொண்டின்னா மாரியாத்தா கோயில் மணிக்கயிறும் நொண்டிதானா?”

சித்தப்பா உள்ளே ஓடிப் பெட்டியைக் கொண்டுவந்தார். பாதைக்கு ஓடினார், குனிந்தார், தன் சட்டப்படி பெட்டியைத் திருப்பினார். மாப்பிள்ளை முதன்முதலாக நாற்காலியை விட்டு எழுந்து போய், அவர் தோளுக்கு மேலே எட்டிக் கண்ணாடிக்குள் பார்த்தார். பிறகு பெட்டியையும் பார்த்தார், பாதையையும் பார்த்தார்.

“அண்ணே, நீங்க தரையத்தான நேரா வச்சிருக்கீங்க?”

“ஆமா. தரை நேரா இருந்தாத்தான...”

“தரைதான் இங்க சாய்வுண்ணே.”

அவர் அந்த வீட்டில் பேசிய முதல் பேச்சு அதுதான். சித்தப்பா பெட்டியோடு பாதையில் அப்படியே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அப்பா சிரித்தார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அத்தையைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

“காலு நேராத்தான் இருக்கு. வாய் அதவிட நேரா இருக்குலா” என்றார். வாசலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, ஆறிப்போன கோப்பியை எடுத்துக் குடித்தார். அம்மாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வெள்ளிக் காலை என்ன செய்வது என்று பிறகு ஒரு பேச்சு வந்தது. “கொறையே இல்லாத காலுக்கு எதுக்கு?” என்றார் அப்பா. “நேந்துக்கிட்டது நேந்துக்கிட்டதுதான்” என்று அம்மா உண்டியலில் போட்டுவிட்டார். எனக்கும் அம்மா செய்தது சரியென்றுதான் தோன்றுகிறது. அன்றைக்கு அத்தை கண்ணைத் திறந்துவிட்டது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணத்துக்குச் சித்தப்பா சட்டத்தை மாற்றிக்கொண்டார். அத்தையிடம் கறுப்பு நூல் வாங்கி, லோரிச் சக்கரத்து நட்டு ஒன்றை அதில் கட்டி, பெட்டியின் பக்கவாட்டில் தொங்கவிட்டார். நட்டு ஆடாமல் நின்று, நூல் பெட்டியின் ஓரத்தோடு ஒட்டினால்தான் விசையைத் தட்டுவார். பந்தலில் எல்லாரும், “டிரைவரே, மணவறைக்கும் ஸ்பேர் டயரு கட்டிருக்கீங்களா?” என்று கேலி செய்தார்கள். அவர் அசையவில்லை. படங்கள் எல்லாம் அப்படி நேராக விழுந்தன: பந்தல் கால் நேர், வாழை மரம் நேர், அத்தை நேர். ஆனால் நட்டையே பார்த்துக்கொண்டிருந்ததில், பெரிய படத்தில் மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தலையே விழவில்லை. கழுத்து வரைக்கும் பட்டுச்சேலை, அதற்கு மேலே வானம். “என்னையப் பழி வாங்கிட்டாரு உங்க தம்பி” என்று அவர் கடைசி வரைக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். புண்ணியவதி, அத்தையைக் கையில் வைத்துத் தாங்கினார்.

அந்தப் பெட்டி, தோட்டத்தை விட்டு எல்லாரும் கிளம்பிய குழப்பத்தில் எங்கேயோ போயிற்று. நட்டும் போயிற்று. கவிழ்ந்து கிடந்த அந்த இரண்டு படங்களில் ஒன்று மட்டும் அத்தையிடம் இருக்கிறது. வீட்டுக்கு யார் போனாலும் எடுத்துக் காட்டும்.

இப்போது அந்தத் திருவிழாப் படத்துக்கு வருகிறேன்.

அத்தை போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும். ஆத்தா புண்ணியத்தில் நடக்கிறது, கைத்தடியோடு. ஆனால் இப்போது நிஜமாகவே ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்க முடிகிறது. “அப்பவே வெள்ளிக் காலு போட்டு வச்சோமே, இதுக்குத்தான் போல” என்று அதற்கும் ஒரு சிரிப்பு. திருவிழாவுக்கு வந்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்து, அந்த ரயில்வே மாப்பிள்ளை மாமாவோடு புக்கிட் ரம்பாயிலிருந்து மகன் காரில் வந்து இறங்கியது. கோயில் இப்போது கோபுரத்தோடு கட்டியாகிவிட்டது. மணிக் கம்பமும் இரும்புக் கம்பம். கயிறு மட்டும் அதே மாதிரி தொங்குகிறது.

“அங்க வச்சு ஒரு படம் எடுடி” என்றது அத்தை. மாமாவும் பக்கத்தில் போய் நின்றார். நான் போனை எடுத்து, பேரன் சொல்லிக்கொடுத்த கட்டக் கோடுகளையெல்லாம் வைத்து, கயிறும் கோபுரமும் நேராக நிற்கும்படி பிடித்தேன். சித்தப்பா இருந்திருந்தால் மெச்சியிருப்பார். எடுத்துக் காட்டினேன்.

அத்தை பார்த்தது. பிறகு, “போனைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடி. நான் நேரா தெரிவேன்” என்றது.

“கோயிலு சாஞ்சிருமே அத்தை.”

“சாயட்டும். ஆத்தா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டா. அவளும் நானும் பழைய ஆளுங்க.”

“அப்ப நானும்ல சாஞ்சிருவேன்?” என்றார் மாமா.

“சாஞ்சா என்ன? எம் பக்கந்தான சாயுவீங்க. நில்லுங்க பேசாம.”

சாய்த்துத்தான் பிடித்தேன். கைத்தடியைக்கூட அத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. நீங்கள் கேலி செய்த அந்தப் படத்தை மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள். கோபுரம் சாய்ந்திருக்கிறது, மணிக்கயிறு சாய்ந்திருக்கிறது, மாமா அத்தை பக்கம் சாய்ந்து நிற்கிறார். நடுவில் அத்தை, கதவு நிலையில் முதுகு ஒட்டி நின்ற மாதிரி, நேராக நிற்கிறது.

உங்களில் ஒருவர் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, கோயிலை நேராக்கிக் குழுவில் மறுபடி போட்டிருக்கிறீர்கள். மனசு நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் தயவுசெய்து அத்தை பார்ப்பதற்குள் அதை அழித்துவிடுங்கள்.